சூடு, தண்ணீர், அப்புறம்தான் தீனி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ஹோமர் புறாக்குஞ்சு முந்தாநாளிலிருந்து ஒரு மணி கம்பைக்கூடத் தொடவில்லை, கூண்டு மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அமுச்சி சொன்னபடி பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டப் போகிறேன் என்றாய். ஊட்டாதே சாமி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதி அனுப்புகிறேன். கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நம் பக்கத்தில் அக்கறையைச் சோற்றால்தான் காட்டுவோம். காய்ச்சலில் கிடக்கிறவனையும் எழுப்பி உட்கார வைத்து ரெண்டு வாய் ஊட்டினால்தான் நமக்கு மனசு ஆறும். உன் அமுச்சி எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். அந்தக் கைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். ஆனால் நோய்ப்பட்ட புறாவிடம் அந்த அவசரம் உயிரை எடுத்துவிடும். வடசென்னை மொட்டைமாடிகளில் இத்தனை வருஷம் புறா வளர்ப்பவர்களோடு பழகியதில் நான் பார்த்தது இது: நோயால் செத்த குஞ்சுகள் பல, நோய் தீரும் முன்பே வாயில் திணித்ததால் செத்தவையும் பல.

காரணம் சொல்கிறேன், புரிந்தால்தான் கை அடங்கும். நல்ல நிலையில் உள்ள புறாவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ், நமக்கு 37. அந்தச் சூட்டைத் தாங்க அதற்கு ஓயாமல் தீனி வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சு, தன் நெஞ்சுச் சதையைக் கரைத்துத்தான் அந்தச் சூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இறகை உப்பிக்கொள்வதும் உள்ளே கொஞ்சம் வெதுவெதுப்பைப் பிடித்து வைக்கத்தான். உடம்பு சில்லிட்டுப் போனால் குடல் ஓடாது. புறா விழுங்குவது நேராக வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் தங்கி, ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க வேண்டும். குடல் ஓடாத குஞ்சுக்கு நீ ஊட்டியது அந்தப் பையிலேயே கிடந்து புளிக்கும். அதோடு பறவைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் கிடையாது. நீ உயிர் கொடுக்க நினைத்து வைத்த பால்ரொட்டி, கழுத்தில் மாட்டிய கல்லாகிவிடும்.

ஆகவே இன்றிரவு முதல் வேலை சூடு. செருப்புக் கடையில் கொடுப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று எடு. அடியில் பழைய துண்டை மடித்துப் போடு. செய்தித்தாள் வழுக்கும், கால் விரியும். ஒரு பக்கத்தில் மட்டும் சூடு இருக்க வேண்டும். வெந்நீரை பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, துணி சுற்றி ஓரமாக வைக்கலாம். குண்டு பல்பு இருந்தால் பெட்டிக்கு வெளியே ஓரடி தள்ளி எரியவிடலாம். மறுபக்கம் சாதாரணமாக இருக்கட்டும். குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம் என்று பொருள், பல்பைத் தள்ளி வை. நாமக்கல் வெயிலுக்குச் சூடு எதற்கு என்று அக்கா கேட்பாள். நமக்குப் புழுங்கும் இரவிலும் இதற்குக் குளிரும் என்று சொல். பெட்டி மற்றப் புறாக்கள் இருக்கும் மாடியில் வேண்டாம், சமையலறையிலும் வேண்டாம். பூனை வராத, சத்தமில்லாத ஓர் அறை போதும்.

பெட்டிக்குள் அரை மணி நேரமாவது விட்டுவிடு. எட்டி எட்டிப் பார்க்காதே. புறா பிறர்க்கு இரையாகும் சாதி. தலைக்கு மேல் வரும் எந்த முகமும் அதற்குப் பருந்துதான்.

கால் விரல்கள் வெதுவெதுப்பானதும் தண்ணீர். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலக்கு, கண்ணளவில் கலக்காதே. வெதுவெதுப்பாக ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்று. கோழி தண்ணீரை மொண்டு, தலையைத் தூக்கி இறக்கும். புறா அப்படியில்லை, அலகை முக்கி, மாடு குடிப்பதுபோல உறிஞ்சிக் குடிக்கும். அதனால் நீ செய்ய வேண்டியதெல்லாம், தலையை மெதுவாகப் பிடித்து அலகின் நுனியைத் தண்ணீரில் தொடவைப்பதுதான். அலகுக்கு மேலே தடித்திருக்கும் இடத்தில்தான் மூக்குத் துளைகள் இருக்கின்றன; தண்ணீர் அதுவரை ஏறக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் தானே உறிஞ்சத் தொடங்கும். சிரிஞ்சில் எடுத்துத் தொண்டையில் பீய்ச்சுவதை எங்கேயாவது வீடியோவில் பார்த்திருப்பாய். நீ செய்யாதே. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. ஒரு சொட்டு தவறிப் போனாலும் நுரையீரலுக்குள் போகும்.

அது குடித்துவிட்டு ஓய்ந்திருக்கும்போது நீ பரிசோதனை செய். சாப்பிடாமை என்று ஒரு நோய் கிடையாது. ஏதோ ஒன்று தடுக்கிறது, அது எது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு நல்ல சாத்தியத்தை ஒதுக்கிவிடலாம். குஞ்சுக்கு ஐந்து வாரம் ஆகிறது, போன வாரம்தான் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தாய் என்றாயே, சில குஞ்சுகளுக்கு அப்போது கொத்தித் தின்னவே தெரியாது. பசியோடு தானியத்தின் மேலேயே நின்றுகொண்டிருக்கும். ஆனால் அப்படிப்பட்ட குஞ்சு உன்னைக் கண்டதும் கீச்சுக் கீச்சென்று கத்தி, இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவரும். உன் குஞ்சு ஓடி வரவில்லை, கத்தவுமில்லை. ஆகவே இது நோய்தான்.

தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பார். காலியாகத் தொய்ந்திருந்தால் நல்லது. தண்ணீர் நிரம்பிய பலூன்போலத் தளும்பினாலோ, பிசைந்த மாவுபோல இருந்தாலோ, வாயருகே புளித்த வாடை அடித்தாலோ, தீனி இறங்கவில்லை. அப்போது எதுவும் ஊட்டக் கூடாது. வாந்தியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல். இளம் புறாக்கள் ஒரே சமயத்தில் இப்படிப் படுப்பதுண்டு.

அடுத்தது நெஞ்செலும்பு. இருபக்கமும் சதை ததும்பி, நடுவில் எலும்பு விளிம்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். கத்தி முனைபோலத் துருத்தினால் நோய் இரண்டு நாளுக்கும் முன்பே தொடங்கிவிட்டது, நீ பார்த்தது இரண்டு நாளாகத்தான் என்று அர்த்தம். இதற்காக வருந்தாதே. பறவைகள் நோயை ஒளிப்பதில் கெட்டிக்காரர்கள். இனி ஒளிக்கத் தெம்பில்லை என்னும் நிலையில்தான் மூலைக்குப் போகும். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்துக் குஞ்சை அதில் உட்காரவைத்து எடையைக் குறித்துக்கொள். தினமும் காலை, தீனிக்கு முன், அதே டப்பாவில். தேறுகிறதா என்று கேட்டால் நம் கண் ஆசைப்பட்டதையே சொல்லும், தராசு அப்படிச் சொல்லாது.

எச்சத்தையும் பார். நல்ல எச்சம் கெட்டியாக, பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். கரும்பச்சையாகக் கொஞ்சமே கொஞ்சம் என்றால் வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் பித்தநீர் இறங்குகிறது. ஒரு குட்டைத் தண்ணீர் நடுவில் நூல்போலக் கிடந்தால் அது வேறு; சொல்கிறேன்.

இப்போது வாய். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் அலகைத் திற. உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். மஞ்சளாகப் பாலாடைக்கட்டிபோல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? நாற்றம் அடிக்கிறதா? இருந்தால் அது கேங்கர். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி செய்யும் வேலை. தாய்ப் புறாவிடம் எந்த அறிகுறியும் இல்லாமல் கிடக்கும். அது குஞ்சுக்கு ஊட்டும்போது வாயோடு வாயாக இறங்கிவிடும், தண்ணீர்க் கிண்ணம் வழியாகவும் பரவும். கட்டி பெரிதானால் விழுங்க முடியாது, மூச்சும் அடைக்கும். குஞ்சுக்குப் பசி இருக்கிறது, தொண்டைதான் வழிவிடவில்லை. அந்த மஞ்சளைச் சுரண்டாதே. அடியில் ரத்தம் பீறிடும். மெட்ரோனிடசோல் வகை மருந்துகளுக்கு இது கட்டுப்படும், அதுவும் நேரத்தோடு போனால் நன்றாகவே கட்டுப்படும். மனிதருக்கும் வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கும் மருந்துதான், உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில்கூட இருக்கலாம். ஆனாலும் உடைத்துக் கொடுத்துவிடாதே. அளவு கிராம் கணக்கில் எடைக்கு ஏற்ப மாறும், அதை மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த உயிரி உலர்ந்த இடத்தில் பிழைக்காது. ஆகவே மாடியில் உள்ள தண்ணீர்க் கிண்ணங்களை நாளையிலிருந்து தினமும் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் நிரப்பு. இந்தச் சின்ன வேலை பல கூண்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

வாய் சுத்தமாக இருந்தால், பெட்டிக்குள் நாலு மணி கம்பு போட்டுவிட்டு ஒளிந்திருந்து பார். குஞ்சு கொத்துகிறதா? கொத்தித் தவறவிடுகிறதா? மணிக்குப் பக்கத்தில் கொத்துவதும், எடுத்ததைப் பின்னால் எறிவதும், கழுத்து ஒருபக்கமாகத் திருகுவதும், அந்தக் குட்டைத் தண்ணீர் எச்சமும் சேர்ந்தால் பி.எம்.வி. என்னும் வைரஸ் நோய். இதைத்தான் பலரும் ‘சாப்பிட மறுக்கிறது’ என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது மறுக்கவில்லை மருமகனே. நாள் முழுக்கச் சாப்பிட முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. வைரஸுக்கு மருந்தில்லை, ஆனால் வாரக்கணக்கில் யாராவது ஊட்டித் தண்ணீர் காட்டினால் பல புறாக்கள் எழுந்துவிடுகின்றன. ஆழமான கிண்ணத்தில் தானியத்தைக் குவித்து வைத்தால் குறி தப்பினாலும் வாய்க்கு ஏதாவது சிக்கும்.

இதில் உனக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், இதே வைரஸ் இனத்தைச் சேர்ந்தது. ஊரே கோழிப்பண்ணையில் பிழைக்கும் ஊர் உன்னுடையது. உன் சித்தப்பாவின் பண்ணைக்குச் சனிக்கிழமை போவாயே, இந்தக் குஞ்சு தேறும்வரை போகாதே. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் குளித்து, துணி மாற்றி, வேறு செருப்பில் போ. உன் அன்பு இந்த ஒரு பறவையோடு நின்றுவிடக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணோரம், அலகோரம் பரு பருவாக இருந்தால் அம்மை, கொசுவால் வருவது. இறக்கை மூட்டு வீங்கியிருந்தால் அது வேறு கிருமி. ஒரு கண் மட்டும் நீர் வடிந்தால் சொல், அது மனிதருக்கும் தொற்றக் கூடிய ஒன்றாக இருக்கலாம். குடற்புழுவும் ரத்தக்கழிச்சல் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்.

இனி ஊட்டுவது. உடம்பு சூடாகி, தண்ணீர் இறங்கி, எச்சம் போட்டு, தீனிப்பை காலியாக இருந்தால் மட்டும். உறைந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலம் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும். கிடைக்காவிட்டால் காய்ந்த பட்டாணியை இரவு ஊறவைத்து மெத்தென்று வேகவை, உப்பில்லாமல். வெதுவெதுப்பாக இருக்கட்டும், சூடாக இருந்தால் தீனிப்பை வெந்துவிடும். சோறு வேண்டாம், ஒட்டும். குஞ்சைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து உன் வயிற்றோடு அணைத்துக்கொள். இடது கையால் தலையைப் பிடித்து அலகின் ஓரங்களை மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். ஒரு பட்டாணியை நாக்கின் பின்புறம் வைத்து விடு. அலகை மூடி, அது விழுங்கும்வரை பொறு. முதல் வேளை பத்துக்கு மேல் வேண்டாம். அவை இறங்கிவிட்டால் அடுத்த வேளை இருபது, பிறகு முப்பது. பள்ளிக்குப் போகும் முன், வந்தபின், இரவில் என்று மூன்று வேளை போதும். ஒவ்வொரு முறையும் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். புறாக்குஞ்சு சிட்டுக்குஞ்சைப்போல வாயைப் பிளந்து காத்திருக்காது. தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து, உள்ளிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும். பிறந்த முதல் சில நாட்கள் அதற்குக் கிடைப்பது தானியமே இல்லை, புறாப்பால். தாயின் தீனிப்பை உட்சுவரே தடித்து, உதிர்ந்து, வெண்ணெய்போலத் திரளும். தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் அப்படியே சுரக்கும். கொழுப்பும் புரதமும் நிறைந்தது, நம் பாலில் உள்ள சர்க்கரை அதில் இல்லை. தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்கிறதே புரோலாக்டின், அதேதான் இதையும் சுரக்க வைக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் அந்தச் சுரப்பைப் பிரித்தெடுத்துப் பெயர் சூட்டியபோது, அதன் வலுவை அளக்கப் பயன்படுத்தியது புறாவின் தீனிப்பையைத்தான். அடைகாப்பதிலும் பகலில் ஆண், மற்ற நேரமெல்லாம் பெண் என்று இரண்டும் முறை வைத்துக்கொள்ளும். பதினேழு பதினெட்டு நாள் அப்படிக் கிடந்து பொரித்த குஞ்சு அது. இதையெல்லாம் நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நான் சொன்ன இன்னொரு வழி இதை வைத்துத்தான். ஊறவைத்த பச்சைப் பயறையும் பட்டாணியையும் வெதுவெதுப்பாக உள்ளங்கையில் வைத்துக் கையை லேசாக மூடு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, குஞ்சின் அலகை அந்த இடைவெளியில் நுழை. தாயின் வாய் என்று எண்ணிச் சில குஞ்சுகள் உள்ளேயே துழாவி விழுங்கத் தொடங்கிவிடும். அப்படித் தொடங்கிவிட்டால் வாயைத் திறந்து வைக்கும் வேலையே வேண்டாம். தெம்பு வந்தபின் பக்கத்தில் சாதுவான ஒரு பெரிய புறாவைத் தனிக் கூண்டில் காட்டு; அது கொத்துவதைப் பார்த்துக் கற்கும். கம்பு, சோளம், கிரிட் என்னும் கல்துகள் எல்லாம் அப்புறம். முழு நலத்தில் இருக்கும் ஹோமர் நாளுக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். அந்த அளவைத் தானே தின்று, எடை குறையாமல் ஒரு வாரம் இருந்த பிறகு மாடிக்கு அனுப்பு.

உன்னையும் பார்த்துக்கொள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு. காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாதே. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, பிறகு சுரண்டு. அமுச்சிக்கு இழுப்பு இருக்கிறது, பெட்டி இருக்கும் அறைக்குள் அவர்கள் வரவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பிழைக்காமல் போகலாம். கைக்குள் அடங்கும் ஓர் உடம்பு, அதில் சேமிப்பு மிகக் கொஞ்சம். உன்னிடம் இதை மறைப்பது சரியில்லை. ‘மாரி’ படம் 2015இல் வந்த பிறகு எங்கள் பக்கத்துச் சந்தைகளில் பையன்கள் புறா வாங்கிப் போவதை நிறையப் பார்த்தேன். நோய் வந்ததும் மொட்டைமாடியிலேயே விட்டுவிட்டு வேறு வாங்கப் போனவர்களும் உண்டு. நீ ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குக் குரல் பதிவு அனுப்பினாய். அது போய்விட்டால் அழு, தப்பில்லை. ஆனால் உடனே புதைத்துவிடாதே. நெகிழிப் பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து, உறைய விடாமல், கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போ. கோழி செத்தால் பண்ணைக்காரர்கள் அறுத்துப் பார்க்கக் கொண்டுபோவதுபோல இதையும் பார்ப்பார்கள். காரணம் தெரிந்தால் மாடியில் இருக்கும் மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

அந்தக் கல்லூரி உன் ஊரிலேயே இருப்பது உன் பாக்கியம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. பறவை நோய் பார்த்துப் பழகிய கைகள் அங்கே உண்டு. இங்கே எங்களுக்கு வேப்பேரி, உங்களுக்கு அது. நாளைக் காலையே போ. பள்ளிக்கு அரை நாள் போகட்டும், அக்காவிடம் நான் பேசிவிட்டேன். குஞ்சைப் பெட்டியோடு கொண்டுபோ, மேலே காற்றுத்துளை போடு, வண்டியில் போகும்போது உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைக்காதே, கொட்டி நனைந்துவிடும். காலையில் போட்ட புது எச்சத்தைச் சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்துக்கொள். எடை எழுதிய தாளை மறக்காதே. மாடியில் மொத்தம் எத்தனை புறா, எங்கே வாங்கியது, கடைசியாகப் புதுப் பறவை சேர்த்தது எப்போது, இதற்கு முன் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்பார்கள். இன்றிரவே எழுதி வைத்துக்கொள். மற்றவற்றுக்குத் தடுப்பு மருந்து எப்போது போடலாம் என்று நீயும் கேள். அவர்கள் சொல்வது நான் எழுதியதற்கு மாறாக இருந்தால் அவர்கள் சொன்னபடி செய்.

இப்போது போய் வெந்நீர் போடு. கால் விரல் சூடானதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
மாமா